நான் நிறுத்தச் சொன்ன மாத்திரை

என் கணவருக்குப் புதுப்பட்டினத்தில் துணிக்கடை. சாப்பிட்டதும் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று பல மாதமாகச் சொல்லிவந்தார். எண்டாஸ்கோபி செய்த டாக்டர், வயிற்றில் இருக்கும் கிருமியால்தான் அல்சர் வந்திருக்கிறது என்று பதினான்கு நாளைக்கு மாத்திரை கொடுத்தார்.

ஐந்தாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது. ஆனால் வாயெல்லாம் கசக்கிறது என்று பிரியாணியைக்கூட ஒதுக்கினார்.

"எரிச்சல்தான் இல்லியே, இன்னாத்துக்கு வாயக் கெடுத்துக்கினு? வுட்டுடுங்க" என்று சொல்லி, மீதி மாத்திரைகளை நானே குப்பையில் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, கடையிலேயே ரத்த வாந்தி எடுத்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அல்சரிலிருந்து ரத்தம் கசிந்திருந்தது.

"மாத்திரைய முழுசா சாப்ட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

என் கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். "இல்ல சார், கட வேலைல நான்தான் மறந்துட்டேன்."

டாக்டர் எழுதிய புதுச் சீட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

இந்த முறை வேறு மாத்திரைகள். பதினான்கு நாளும் எதிரில் நின்று கொடுத்தேன். மறுபரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. இப்போதெல்லாம் வீட்டில் யாருக்கு மாத்திரை தந்தாலும் டாக்டர் சொன்ன கடைசி நாள்வரை நிறுத்துவதில்லை.

அந்தப் பொய்யைப் பற்றி அவர் இன்றுவரை பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. நான் இதை எழுதி அனுப்பும் இந்த இதழை எங்கள் துணிக்கடைக்கு வாங்குகிறோம், அவர் படிப்பார்.