ஐந்து பெயர் எழுதிய படிவம்

அன்றைக்கு அந்த மேல்மாடியில் இருந்தவர்கள் இவர்கள். பொன்னுத்துரை அண்ணை, புறக்கோட்டையில் துணிக்கடையில் நிற்பவர், டிவி அவருடையது. சுகு, காசு கட்டிப் போன் எடுக்கிற கொமியூனிகேஷன் கடையில் வேலை, வாய் மூடாதவன். தேவன், கனடா போவதற்கு ஏஜென்சிக்காரன் கூப்பிடுவான் என்று பதினொரு மாதமாகக் காத்திருந்தவன். அன்ரன், மன்னார்ப் பொடியன், அச்சகத்தில் வேலை. நான். வேறு ஒருவரும் இல்லை.

ஆட்களை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைசிவரை வாசித்தால் தெரியும்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. என் புருஷன் செத்து மூன்றாம் நாள் அவர் படுத்த பாயிலேயே நான் படுத்தவள். ஒன்றும் வரவில்லை. கோயிலுக்குப் போவேன், திருநீறு பூசுவேன், அதோடு சரி. யாராவது பேய்க்கதை சொன்னால் எழும்பிப் போய் அடுப்பைப் பார்ப்பேன். ஆகையால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் இல்லை. நானே கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேல் இருந்த மாடியை வாடகைக்கு எடுத்து நாலு பேரை வைத்துச் சமைத்துப் போட்டுச் சீவித்தேன். சண்டைக் காலம். தமிழ் ஆட்கள் இருக்கிற வீடு என்றால் பொலிசில் படிவம் கொடுக்க வேண்டும். யார் யார், எந்த ஊர், ஏன் கொழும்பில் நிற்கிறார்கள், எல்லாம் எழுத வேண்டும். அவர்கள் முத்திரை குத்தித் தருகிற பிரதியைப் பொலித்தீன் பையில் போட்டுக் கதவடியில் ஆணியில் மாட்டி வைப்போம். ஒரு இரவு தங்க வருகிறவனையும் பதிய வேண்டும். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். என் படிவத்தை நானே எழுதினேன். ஐந்து பெயர்.

பிரான்சில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் நடந்த வருடம் அது. பொடியன்கள் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். நாடுகளின் பெயரைத் துண்டுகளில் எழுதிப் பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினார்கள். ஆளுக்கு ஒரு நாடு. அந்தத் துண்டைச் சோற்றுப் பசையால் அவரவர் தேத்தண்ணிக் கோப்பையில் ஒட்ட வேண்டும். நாடு தோற்று வெளியே போனால் கோப்பையைக் குசினிப் பலகைத் தட்டில் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்தவன்தான் மற்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். பிறகு இன்னொன்று: தன் நாடு நிற்கும் வரைக்கும் முதல் நாள் இருந்த இடத்திலேயே ஒவ்வொருவனும் இருக்க வேண்டும். இடம் மாறினால் ராசி போய்விடுமாம்.

என்னையும் எடுக்கச் சொன்னார்கள். ஜமேக்கா விழுந்தது. அது எங்கே இருக்கிறது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஆறாவது துண்டை எடுத்தவன் நிமலன். சுகுவோடு வவுனியாவில் படித்தவன், வத்தளையில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அறையில் டிவி இல்லை. நீர்கொழும்பு வீதி பஸ்ஸில் வந்து மட்ச் பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குப் போவான். அவனுக்கு இத்தாலி. படிக்கட்டுக் கதவின் பக்கத்தில் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதில் இருப்பான். ஜமேக்கா ஐந்து கோல் வாங்கிய அன்றைக்கு என் கோப்பையை அவன்தான் எடுத்து வந்து என் கையில் தந்தான்.

"அக்கா, கவிட்டு வையுங்கோ. உங்கட பொடியங்கள் பந்து விளையாட வரேல்ல, பிரான்ஸ் சுத்திப் பாக்க வந்தவங்கள்."

"போடா. உன்ர இத்தாலியும் ஒரு நாளைக்குக் கவிழும்."

"இத்தாலி கவிழாது அக்கா. கவிண்டா நானே வந்து கவிட்டு வைப்பன்."

இப்படித்தான் சொன்னான். எல்லாரும் கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து இத்தாலிக்கு ஒஸ்ரியாவோடு மட்ச். இத்தாலி ஒரு கோல் முன்னே நின்றது. ஒன்பதரை ஆனது.

"நிமலன், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"கால் மணித்தியாலம் அக்கா. நான் எழும்பினா கோல் விழும்."

"கோலும் விழாது ஒண்டும் விழாது. எழும்பு."

"அக்கா, அவன் எழும்பி இத்தாலி தோத்தா இரவு முழுக்க என்னைத் திண்டு போடுவான்" என்றான் சுகு.

நான் விட்டுவிட்டேன். ஒரு இரவுதானே, பாயைப் போட்டுப் படுக்கட்டும் என்று நினைத்தேன். மட்ச் முடிந்தது, இத்தாலி வென்றது, பொடியன்கள் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. சுற்றிவளைப்பு. ஒரு இளம் பொலிஸ் அதிகாரியும் நாலு ஆமிக்காரரும்.

அதிகாரி படிவத்தைக் கழற்றிப் பார்த்தார். எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார். படிவத்தில் இருப்பதைத்தான் சொன்னேன்.

"பஸ்தெனாய், மஹத்தயா." ஐந்து பேர்.

அவர் எண்ணினார். நிமலனைக் காட்டி, இது யார் என்றார்.

தெரிந்தவன், மட்ச் பார்க்க வந்தவன் என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சி மகன் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து பேர் என்று பொய் சொன்னேன் என்று எல்லாரையும் வண்டியில் ஏற்றிவிடுவார்களோ என்ற பயம். தேவனுக்குப் பயணம் பொருந்தி வருகிற நேரம். நான் சொன்னது இரண்டு சொல்.

"தன்னே நா."

தெரியாது என்றேன். நிமலன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு இறங்கினார்கள். படியில் நின்று திரும்பிச் சொன்னான்.

"அக்கா, என்ர கோப்பையக் கவிட்டுப் போடாதேங்கோ. இத்தாலி இன்னும் நிக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். விடிந்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

விடவில்லை. பொன்னுத்துரை அண்ணை லீவு போட்டுப் பொலிஸ் நிலையம் நிலையமாகப் போனார். அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்றார்கள். வவுனியாவிலிருந்து நிமலனின் தாய் ஞாயிற்றுக்கிழமை தோறும் சுகுவின் கடைக்குப் போன் எடுப்பா. முதல் ஞாயிறு அவன் ஓவர்டைம் என்றான் சுகு. அன்று இரவு சுகு சாப்பிடவில்லை.

சோடாப் பெட்டியை யாரும் எடுக்கவில்லை. கோப்பையைக் கழுவித் துடைத்துக் குசினித் தட்டில் நிமிர்த்தி வைத்தேன். இத்தாலி அடுத்த மட்ச்சையும் வென்றது.

இனி அந்த இரவு. இத்தாலியும் பிரான்சும். எட்டரைக்குத் தொடங்கியது. முதலில் எழுதிய ஐந்து பேரும் இருந்தோம். கோல் இல்லை. மேலதிக நேரமும் கொடுத்தார்கள், அதிலும் இல்லை. இனிப் பெனால்டி என்று அன்ரன் எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம்.

இந்த முறை வந்தவர் வேறு ஆள். நரைத்த மீசை வைத்த சார்ஜன்ட், இரண்டு ஆமிப் பொடியன்கள். நல்ல மனுஷன் போல இருந்தார். வடக்கில் வேலை செய்தவராம், தமிழ் கொஞ்சம் கதைத்தார். ஆமிப் பொடியன் ஒருவன் டிவியை எட்டிப் பார்த்து, "ஸ்கோர் கீயத?" என்றான். "பிந்துவய் பிந்துவய்" என்றான் சுகு. பூச்சியம் பூச்சியம். பொடியன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

சார்ஜன்ட் கதவடியில் நின்று படிவத்தை எடுத்தார்.

"எத்தனை பேர் அக்கா?"

"ஐஞ்சு பேர் ஐயா."

விரலை நீட்டி எண்ணினார். பொன்னுத்துரை அண்ணை, சுகு, தேவன், அன்ரன், நான். பிறகு விரலைக் கீழே இறக்கித் தன் பக்கத்தில் இருந்த சோடாப் பெட்டியைக் காட்டினார்.

"ஆறு."

நாங்கள் பெட்டியைப் பார்த்தோம். பெட்டி மட்டும்தான் இருந்தது. தேவன் வாயைத் திறந்தான், அண்ணை அவன் தொடையில் கையை வைத்து அழுத்தினார்.

"இது யார்?" என்றார் சார்ஜன்ட். பகிடி விடுகிற முகம் இல்லை அது. எத்தனையோ வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுக் களைத்த முகம்.

நம்புங்கள், அந்த நேரம் எனக்குப் பயம் வரவில்லை. போன முறை சொன்னதை இந்த முறை சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

"என்ர தங்கச்சின்ர மகன், ஐயா. வத்தளையில வேலை செய்யிறவன். மட்ச் பாக்க வந்தவன். பஸ்ஸை விட்டுட்டான். நான்தான் நிக்கச் சொன்னனான்."

"பெயர்?"

"நிமலன்."

சார்ஜன்ட் குனிந்து பெட்டிப் பக்கம் பார்த்து ஏதோ சிங்களத்தில் கேட்டார். பதில் கேட்பவர் போலக் குனிந்தபடியே நின்றார். தலையை ஆட்டினார்.

"சரி. நாளைக்கு வந்து பதியுங்க. பொடியன் நல்லா நனைஞ்சிருக்கு அக்கா. துவாய் ஒண்டு குடுங்க, காய்ச்சல் வரும்."

அன்றைக்கு மழை இல்லை.

படிவத்தைத் திருப்பிச் சுவரில் வைத்துப் பேனையால் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆணியில் மாட்டினார். ஆமிப் பொடியன் ஒரு பெனால்டியைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினான்.

கொடியில் கிடந்த துவாயை எடுத்துப் போய்ப் பெட்டியின் மேல் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. எல்லாரும் டிவியைப் பார்த்தபடி இருந்தார்கள், ஆனால் பார்க்கவில்லை. இத்தாலிக்காரன் அடித்த கடைசிப் பந்து மேல் கம்பத்தில் பட்டுப் போனது. இத்தாலி முடிந்தது.

அப்போது குசினியில் ஒரு சத்தம். கோப்பையைப் பலகையில் வைக்கிற சத்தம், அவ்வளவுதான். பெரிதாக இல்லை.

ஐந்து பேரும் முன் அறையில் இருந்தோம்.

நான்தான் போனேன். இத்தாலித் துண்டு ஒட்டிய கோப்பை கவிழ்ந்திருந்தது. விழுந்து கவிழவில்லை, என் ஜமேக்காக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒழுங்காகக் கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கிப் பார்த்தேன். அடியில் வட்டமாகத் தண்ணீர். குழாய்த் தண்ணீர் இல்லை. கலங்கல்.

திரும்பி வந்து விளக்கை அணைக்க வேண்டாம் என்று சொன்னேன். ஒருவரும் படுக்கவில்லை. விடிந்ததும் சுகு, "அக்கா, நீங்களும் கேட்டனீங்களோ?" என்றான். ஓம் என்றேன். அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. பெட்டியில் வைத்த துவாயை எடுத்துப் பிழிந்து காயப் போட்டேன்.

பிறகு பதியப் போனேன். ஆள் எங்கே, அடையாள அட்டை எங்கே என்றார்கள். திரும்பி வந்தேன். நரை மீசைச் சார்ஜன்ட்டைத் தேடினேன், மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். எங்களை முன்பின் தெரியாதவர் அவர், அவருக்கு எங்களோடு விளையாட என்ன தேவை?

ஆடி முடியத் தாய் வந்தா. என்னைவிட இளையவ. நிமலன் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னா. பெட்டியைத் தொட்டுப் பார்த்தா. நான் முதல் இரவை முழுக்கச் சொன்னேன். தெரியாது என்று சொன்னதையும் சொன்னேன். அவ என் கையைப் பிடித்தா, அது அடிப்பதைவிட மோசம். இரண்டாவது இரவை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவன் இல்லை என்று நானே சொன்னது போல ஆகிவிடும். இன்றைக்கும் அவ மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு காணாமல் போனவர்களின் மற்றத் தாய்மாரோடு வவுனியாவில் வீதியில் இருக்கிறா என்று கேள்வி.

தேவன் கனடா போய்விட்டான். பொன்னுத்துரை அண்ணை காலமாகிவிட்டார். சுகுவும் அன்ரனும் எங்கே என்று தெரியாது. நான் இப்போது வெள்ளவத்தையில் பெறாமகளோடு இருக்கிறேன். உலகக் கிண்ணம் வந்தால் அவளுடைய பிள்ளைகள் சத்தம் போடுவார்கள். நான் அறைக்குள் போய்விடுவேன்.

படிவம் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பொலித்தீன் பையோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன். கண்ணாலே பார்க்காமல் எதையும் நம்பாதவள் நான், அதனால் வருடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பேன். முன்பக்கம் என் கையெழுத்து, ஐந்து பெயர். பின்பக்கம் சிங்களத்தில், பரிசோதித்தேன், ஆட்கள் சரி என்று எழுதிக் கையெழுத்து. அதற்குக் கீழே எண்ணிக்கை.

6.