எனக்கு எழுதப்படாத பொய்கள்

எங்கள் வாப்பா பொய் சொல்லமாட்டார். கல்முனையில் அவரோடு நெல் வியாபாரம் செய்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அது உண்மைதான். எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த வருடத்தில் வீட்டுக்குத் தேவைப்பட்ட பொய்கள் அத்தனையையும் நான்தான் சொன்னேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து மூன்று நான்கு வருடங்கள் கழிந்திருந்தன. கொழும்பில் ஒரு கம்பனியிடம் வாப்பா தவணைக்கு நாலு சில்லு ட்ரக்டர் ஒன்றை எடுத்திருந்தார். பிணைக்குக் கையெழுத்து வைத்தவர் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. வரிப்பத்தான்சேனையில் கலியாணம் முடித்து அங்கேயே குடியிருந்தார். அவருடைய இரண்டு ஏக்கர் வயலும் அங்கேதான் இருந்தது. மாமாவுக்கு ட்ரக்டர் ஓட்டத் தெரியும், பழுதானால் அதன் கீழே படுத்துக்கிடந்து திருத்தவும் தெரியும். வாப்பாவுக்கு அதில் ஏறி உட்காரத் தெரியும்.

முதல் இரண்டு போகமும் கூலி உழவில் காசு வந்தது. மூன்றாவது போகத்தில் மழை ஏமாற்றிவிட்டது. மாமா சும்மா இருந்தார், ட்ரக்டர் சும்மா நின்றது, தவணை மட்டும் சும்மா இருக்கவில்லை. கம்பனியிலிருந்து டெலிபோன் வரத் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு ஒன்று, கடைசியில் காலையும் மத்தியானமும்.

தெருவிலேயே டெலிபோன் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அதற்கென்று தனி மேசை, உம்மா பின்னிய உறை. குவைத்துக்கும் சவூதிக்கும் போனவர்கள் எல்லோரும் எங்கள் நம்பரைத்தான் வைத்திருந்தார்கள். ஆகவே மணி அடித்தால் எடுக்காமல் விட முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் வருகிற கோலைத் தவறவிட்டால், அடுத்த மூன்று மாதம் அவள் எங்களுக்கு முகம் தரமாட்டாள். ஊருக்குக் காட்டப் பெருமைக்கு எடுத்த சாமான் இப்படித்தான் எங்கள் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது.

எல்லா வெளியூர்க் கோலும் கல்முனை எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் வரும். அங்கே இருந்தவர் மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற ஒரு தமிழர். "கொழும்பு லைன், கதையுங்க" என்பார். மூன்று நிமிடம் ஆனதும் இடையில் புகுந்து அதையும் சொல்வார். எங்கள் வீட்டு மானம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

வாப்பா எனக்கு ஒரு வசனம் சொல்லித் தந்தார். "வாப்பா ஊட்ட இல்ல. எப்ப வாற எண்டு தெரியா." ஆரம்பத்தில் அவர் இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். மணி அடித்ததும் கதிரையை விட்டு எழும்பி, செருப்பைப் போட்டுக்கொண்டு, முற்றத்தில் இறங்கி நிற்பார். அப்போது நான் சொல்வது உண்மையாகிவிடும். அவர் வீட்டில் இல்லைதானே. நான் வசனத்தைச் சொல்லி முடித்துக் கையைக் காட்டினால் திரும்ப உள்ளே வந்து பேப்பரை விரிப்பார். கோல்கள் கூடக் கூட அவருக்கு அலுத்துப்போயிற்று. செருப்புப் போடுவது முதலில் நின்றது, பிறகு எழும்புவதும் நின்றது.

ஒருநாள் கேட்டேன், இது பொய்யில்லையா என்று. லெப்பையிடம் குர்ஆன் ஓதப் போகிற பிள்ளை, கேட்காமல் இருக்குமா? வாப்பா என் தலையைத் தடவினார். "நீ சின்னப் புள்ளதானே மகள். உனக்கு இன்னும் எழுதமாட்டாங்க."

வயதுக்கு வராத பிள்ளைக்குப் பாவம் எழுதப்படாது என்பது லெப்பையும் சொல்லித் தந்ததுதான். ஆனால் அதற்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்று லெப்பைக்கே தெரிந்திருக்காது. உம்மா அந்த மேசைப்பக்கம் போகவே மாட்டார். "எனக்கு எழுதுவாங்க" என்று குசினிக்குள் இருந்துகொள்வார். இரண்டு பெரிய மனிதர்களின் ஆகிரத்தை, மறுமை வாழ்வை, ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை டெலிபோனைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றியது.

எனக்கு அது பெரிய உத்தியோகம். கெதியிலேயே கைதேர்ந்துவிட்டேன். வாப்பாவை மட்டக்களப்புக்கு அனுப்பினேன், காய்ச்சலில் படுக்க வைத்தேன், ஒருமுறை ஹஜ்ஜுக்கே அனுப்பிவிட்டேன். ஹஜ் முடிந்து இரண்டு மாதமாகிறதே என்று மறுபக்கத்தில் கேட்டார்கள். அன்று வாப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல பொய்க்குத் தோடம்பழ இனிப்பு கிடைக்கும். என் இடது தோளில் இருந்து பாவத்தை எழுதுகிற மலக்கு பேனையை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறார் என்று எனக்கு ஒரு துணிவு.

அடுத்த மாரியில் மழை பெய்தது. மாமாவின் ஊர்ப்பக்கம் இறக்காமத்து வயல்கள் எல்லாம் விளைந்து கிடந்தன. சூடு மிதித்து நெல்லைப் பிரிக்க ட்ரக்டர் கேட்டு ஆட்கள் மாமாவின் வீட்டுக்கு நடையாய் நடந்தார்கள். மூன்று கிழமை ஓடினால் போதும், வருகிற கூலியில் பிந்திய தவணை முழுவதையும் கட்டிவிடலாம். அந்த மூன்று கிழமைக்கு ட்ரக்டர் கம்பனியின் கண்ணில் படக்கூடாது. பட்டால் ட்ரக்டரும் போகும், கட்டிய காசும் போகும், மாமாவின் பிணையும் கழுத்தில் விழும்.

கம்பனி ஆட்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். வாப்பா அவர்களுக்கும் பொய் சொல்லவில்லை. "வளவப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். பார்த்துவிட்டுப் போனார்கள். ட்ரக்டர் பகலில் வயலுக்குள் நின்றது. பொழுதுபட்டதும் மாமா அதைத் தன் வீட்டு வளவுக்குக் கொண்டுவந்து வைக்கோலால் மூடிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை வாப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனபோது நானும் அதைப் பார்த்தேன். மாமா என்னைத் தூக்கி, வைக்கோலுக்குள் இருந்த சீற்றில் உட்கார வைத்தார். உடம்பெல்லாம் அரித்தது. சந்தோஷமாக இருந்தது.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் மணி அடித்தது. வாப்பா பசாருக்குப் போயிருந்தார். உம்மா கிணற்றடியில். நான் வசனத்தைத் தயாராக வைத்துக்கொண்டு எடுத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், மகள்."

அதுவரைக்கும் கம்பனியிலிருந்து கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஹலோ சொன்னவர்கள். ஹலோவுக்கு எதையும் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட முடியுமா? பதில் சொல்வது கடமை என்று லெப்பை பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லித் தந்திருந்தார். பொய்க்குக் குற்றமில்லாத எனக்கு அந்தக் கடமையும் இல்லை என்பது அப்போது புத்திக்கு எட்டவில்லை. முழுவதாக, வபரகாத்துஹு வரைக்கும் சொன்னேன். உனக்குச் சாந்தி உண்டாகட்டும் என்று சொன்ன வாயால் அதே ஆளிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் வாப்பாவைக் கேட்கவே இல்லை. "குர்ஆன்ல எத்தினையாவது ஜுஸ்உ ஓதுறீங்க மகள்?" என்று கேட்டார். சொன்னேன். மாஷா அல்லாஹ் என்றார். தனக்கும் என் வயதில் ஒரு மகள் ஈக்கிறா என்றார். கொழும்பு ஆட்கள் இருக்கிறதை ஈக்கிற என்பார்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. வாப்பாவின் ட்ரக்டரில் ஏறியிருக்கிறீர்களா என்று கேட்டார்.

"ஓம்."

"எங்க வெச்சு ஏறின?"

வாப்பா எங்கே என்று கேட்டால் சொல்ல என்னிடம் பத்துப் பதில் இருந்தது. ட்ரக்டர் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை.

"வரிப்பத்தான்சேனையில, மாமாட வளவில. வைக்கலுக்குள்ள."

"மூணு நிமிசம் முடிஞ்சிது" என்று எக்ஸ்சேஞ்ச்காரர் உள்ளே புகுந்தார். லைன் வெட்டுப்பட்டது. இவ்வளவு கெதியாக மூன்று நிமிடம் முடிந்துவிட்டதே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

இரண்டாம் நாள் விடியக்காலை சுபஹுத் தொழுகைக்கு மாமா பள்ளிக்குப் போயிருந்த நேரம் லொறி வந்து ட்ரக்டரை ஏற்றிக்கொண்டு போனது. நேரே அந்த வைக்கோலுக்குத்தான் போனார்களாம்.

வாப்பா பக்கத்து வீட்டைக் கேட்டார், பசாரைக் கேட்டார், நெல் மூட்டை தூக்குகிறவர்களைக்கூடக் கேட்டார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். ட்ரக்டரைக் கொடுத்தால் பிணையிலிருந்து தன்னை விட்டுவிடுவார்கள் என்று மாமாவே காட்டிக்கொடுத்துவிட்டார். கேட்கிறவர்களுக்கு அது நம்பும்படியாகத்தான் இருந்தது. உம்மாவும் நம்பினார்.

மாமா வந்தார். வாசலில் நின்று, "வல்லாஹி ராத்தா, நான் சொல்லல்ல" என்றார். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். பயத்தில் திரைச்சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ட்ரக்டரை அடிமாட்டு விலைக்கு விற்ற கம்பனி, மிச்சத்துக்குப் பிணைகாரரைப் பிடித்தது. மாமாவின் இரண்டு ஏக்கரும் போனது. அடுத்த போகத்தில் அவர் அதே வயலில் கூலிக்கு நெல் வெட்டினார்.

உம்மா பிறகு தம்பியோடு கதைக்கவேயில்லை. பல வருடம் கழித்து உம்மா மௌத்தானபோது, அடக்கத்தன்று மாமா பள்ளியில் கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு, யார் கண்ணிலும் படாமல் போய்விட்டார். அந்த வருடங்களுக்குள் நான் பெரியபிள்ளையாகி, எனக்கும் எழுதத் தொடங்கியிருந்தார்கள். டெலிபோனில் சொன்ன பொய் ஒன்றும் என் கணக்கில் இல்லை. உம்மாவிடம் சொல்லாமல் விட்டது, ஒவ்வொரு நாளும், அதில் இருக்கும்.

வாப்பா மௌத்தான வீட்டுக்கு எக்ஸ்சேஞ்ச்காரர் வந்தார். பென்சன் எடுத்து, கண் மங்கியிருந்தது. கதையோடு கதையாகச் சொன்னார்.

"அண்டைக்கு மூணு நிமிசம் ஆகல்ல மகள். நீங்க ட்ரக்டர் கதையத் தொடங்கின உடனே லைன வெட்டினன். பிந்திட்டு. பிறகு உங்கட மாமாவில பழி விழுந்திட்டு எண்டு கேள்விப்பட்டு வாப்பாட்டப் போய் நடந்ததச் சொன்னன். அவர் என்ர கையப் பிடிச்சி, இத வெளிய விட்டிராதீங்க எண்டார். புள்ளயக் காப்பாத்தத்தான் கேக்கிறார் எண்டு நானும் வாய மூடிட்டன்."

நானும் அப்படி நம்பிவிடத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. மாமா துரோகியாக இருக்கும்வரைக்கும், அவருடைய இரண்டு ஏக்கருக்கு வாப்பா பதில் சொல்லத் தேவையில்லை. மாமா நல்லவர் என்று ஆகிவிட்டால் அந்தக் கடனைக் கேட்டு யாரும் கூப்பிடாமலே கொடுக்க வேண்டிவரும்.

அன்று தெருவையே விசாரித்த வாப்பா, வீட்டுக்குள் டெலிபோனுக்குப் பொறுப்பாக இருந்த என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்து அன்றைக்கு நான் குளிர்ந்துபோனேன். கேட்டால் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று அவர் பயந்திருக்கிறார்.