போலந்துக் கணக்கும் அக்கா கேட்காத கேள்வியும்

அக்கா என் கணினித் திரையில் விரல் வைத்த இடத்தில் செம்மண் தூசி ஒட்டிக்கொண்டது. விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், அனந்தபுரத்திலிருந்து பஸ் பிடித்து, செஞ்சியில் நான் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு வந்து நின்றாள். "இதுல எந்த ஊருடா நல்ல ஊரு?" என்றாள். திரையில் அடுத்தடுத்து இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று போலந்து, இன்னொன்று ரஷ்யா. ஒரே மகனை அந்த இரண்டில் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். ஏஜென்ட் நாலு நாளில் பதில் கேட்டிருந்தான்.

என் பிழைப்பு அந்த அட்டவணைகள்தான். அந்த நாடுகளில் யாரோ வீடு வீடாகப் போய்ச் சனங்களிடம் கேள்வி கேட்கிறார்கள். பதில்கள் எண்களாகி ஒரு சென்னை அலுவலகம் வழியாக என்னிடம் வரும். இருபது வயதுக்காரருக்குப் பேரன் இருப்பதாகப் பதிவாகியிருந்தால் சிவப்புக் குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். மற்றதைக் கூட்டி, வகுத்து, அட்டவணையாக்குவேன். செஞ்சியைத் தாண்டி நான் பார்த்த தூரம் சென்னைதான். ஆனால் ரஷ்யச் சிறு நகரங்களில் எத்தனை வீடுகளில் அம்மாவும் பாட்டியும் மட்டுமே பிள்ளையை வளர்க்கிறார்கள், யார் தங்கள் உருளைக்கிழங்கைத் தாங்களே பயிரிடுகிறார்கள், போலந்தில் யார் பாதிரியாரை நம்புகிறார்கள், யார் பக்கத்து வீட்டுக்காரரைக்கூட நம்புவதில்லை, இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உறவுக்காரர்கள் மத்தியில் அதை வைத்துக் கொஞ்சம் அலட்டிக்கொள்ளவும் செய்தேன்.

ரஷ்யப் பக்கம் சண்டை மூள்வதற்குச் சில வருடங்களுக்கு முந்தைய காலம் அது. டிப்ளமோ முடித்த பையனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் காண்ட்ராக்ட் வேலையும் போய்விட்டது. போலந்தில் குளிர்பதனக் கிடங்கு, ரஷ்யாவில் கட்டட வேலை, இந்த இரண்டுதான் கையில் இருந்தன. சம்பளம் எது கூட என்று அக்கா கேட்கவே இல்லை. "அங்க குடி ஜாஸ்தியாடா?" என்றாள். அக்கா வீட்டுக்காரர் குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். மகனுக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடுமோ என்ற பயத்திலேயே அவள் பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். குடியைப் பற்றிய அட்டவணை என்னிடம் இருந்தது. அதில் இரண்டு நாடுமே அவள் மனசுக்கு ஆறுதல் தராது. நான் வேகமாக அடுத்ததற்குப் போனேன்.

அடுத்தது ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போகிறவர்களின் கணக்கு, பட்டை வரைபடமாக. போலந்தின் பட்டை நெடுநெடுவென்று நின்றது. ரஷ்யாவின் பட்டை குட்டையாக இருந்தது. "இது இன்னா, இவ்ளோ ஒசரம்?" என்று கேட்டாள். பூசைக்குப் போகிறவர்கள் என்றேன். "நம்ம கோயிலாடா?" ஆமாம், நம்மைப் போலக் கத்தோலிக்கர்கள்தான் என்றேன். அக்கா அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. "கோயிலுக்குப் போற சனம் நடுவுல இருந்தா கெட்டுப் போவ மாட்டான்" என்று எழுந்து, அப்போதுதான் போய்க் கை கழுவினாள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்றுவரை என்னை விடவில்லை.

போலந்துக்குப் போய் ஒரு மாதத்தில் அவன் வீடியோவில் தன் அறையைக் காட்டினான். இரட்டைக் கட்டில்கள், எட்டுப் பேர், கம்பியில் காயும் துணிகள், ஒரே ஒரு ஜன்னல். கிடங்கை ஒட்டிய தொழிலாளர் விடுதி அது. அதைப் பார்த்ததும் என் அட்டவணையைத் திறந்து அடியில் பார்த்தேன். ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு வரும். விடுதிகளிலும் முகாம்களிலும் தங்கியிருப்போர் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று இருக்கும். அதைத் தட்டச்சு செய்வதே நான்தான். எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அக்காவிடம் நான் காட்டிய நெடிய பட்டை, அம்மா அப்பாவோடு சொந்த வீட்டில் இருக்கிற சனத்துடையது. என் அக்கா மகன் போய் இறங்கிய போலந்து அந்தப் பட்டையில் எங்குமே இல்லை.

இதை அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு சண்டை வந்தது. டிவியில் ரஷ்யா என்று வரும்போதெல்லாம் ஊரே அக்காவைத் தேடி வந்து, நல்லவேளை அங்கே அனுப்பவில்லை என்றது. "எந்தம்பி கணக்கு பாத்து சொன்னான்" என்று அவள் என்னைக் கை காட்டுவாள். சண்டை வரும் என்று எந்தக் கணக்கும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. செய்யாத காரியத்துக்குக் கிடைத்த புகழைப் போல உடம்பில் அரிக்கிற சங்கதி வேறில்லை. அவள் எனக்கென்று எடுத்து வைக்கும் கோழித் துண்டை அவள் தட்டுக்கே தள்ளிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. சாயங்காலம் நாலு மணிக்குமேல் போனை ஸ்பீக்கரில் போட்டு, மிச்சமிருக்கும் மல்லாட்டையை உரித்தபடியே பேசுவாள். அங்கே அப்போது மதியமாகியிருக்கும்.

"பூசைக்குப் போனியாடா?"

"போனேம்மா."

"சாமியார் இன்னா பிரசங்கம் வச்சாரு?"

"அவங்க பாஷைம்மா. ஒண்ணும் புரியல."

"புரியாட்டி இன்னா, முட்டி போட்டு வேண்டிக்கோ" என்று சிரிப்பாள். அவன் குரலுக்குப் பின்னால், கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி பின்வாங்கும்போது போடும் பீப் சத்தம் கேட்கும். ஒரு வாரமல்ல, பல வாரம். ஊரார் கணக்கில் முரணைக் கண்டுபிடித்துச் சிவப்புக் குறி போடுகிறவன், என் வீட்டுக் கணக்கில் ஒரு குறியும் போடவில்லை. அந்தச் சத்தம் அக்காவுக்கும் கேட்டிருக்குமா என்பதுதான் இப்போது என்னைக் குடைகிறது. சில நேரம் சத்தம் வரும்போது அவள் உரிப்பதை நிறுத்திவிடுவாள். ஆனால் ஒருமுறைகூட "குடிக்கிறியா" என்று கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பூசையைக் கேட்டிருக்கிறாள். எங்கள் தொழிலிலும் இதே பழக்கம் உண்டு. நேரே கேட்கக் கூசுகிற விஷயத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்வியை வைத்துச் சுற்றி வளைப்போம்.

போன வருடம் அக்கா போய்விட்டாள். காலையில் நெஞ்சு அடைக்கிறது என்றவளை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தான். போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். குழியைக் காட்ட மனசு வராமல் போனை மேலே திருப்பியதில் அவனுக்குப் பாதி நேரம் வானம்தான் தெரிந்திருக்கும்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்தான். கழுத்தும் தோளும் தடித்து, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தான். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, மாலை போட்ட அக்கா படத்துக்கு எதிரே இருவரும் உட்கார்ந்திருந்தோம். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து, நடந்து, மறுபடி உட்கார்ந்து, ஒருவழியாக எல்லாவற்றையும் கொட்டினேன். அட்டவணை, பொடி எழுத்து, என் தலையாட்டல் எல்லாம்.

அவன் கோபப்படவில்லை. "வண்டி சத்தம் ஒங்களுக்குக் கேட்டிருக்கும்னு தெரியும் மாமா. ஞாயித்துக்கிழமதான் டபுள் ஷிப்ட். கோயிலு நடந்தா பத்து நிமிஷந்தான். ஒரு வாட்டிகூடப் போகல" என்றான். பிறகு லேசாகச் சிரித்தான். "என்கூட வேல செய்ற அந்த ஊரு பசங்களும் அப்படித்தான். ஞாயித்துக்கிழம அவங்கம்மா போன் பண்ணும். போயிட்டு வந்தேம்மான்னு சொல்லுவானுங்க. பாஷ கத்துக்கிட்டதுல எனக்கு மொதல்ல நல்லாப் புரிஞ்சதே அதுதான் மாமா."

எனக்குச் சுருக்கென்றது. கேள்வித்தாளின் கடைசியில், பதில் சொல்லும்போது பக்கத்தில் வேறு யாராவது இருந்தார்களா என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் கேட்டு யாரும் அட்டவணை வாங்குவதில்லை என்பதால் நான் திரும்பிப் பார்த்ததே கிடையாது. அந்த நெடிய பட்டைக்குள் எத்தனை பேர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் சொன்னார்களோ!

"குடிக்கிறியாடா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா வருடக்கணக்கில் கேட்காததை.

அவன் படத்தை ஒரு முறை பார்த்தான். "வெளிய வாங்க மாமா" என்று எழுந்தான். தெருவுக்கு வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் சொன்னான்: "குடிக்கிறேன். அங்க போன மொத குளிர்லருந்தே."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவன் திரும்பிப் போய்விட்டான். இப்போது ஞாயிறு சாயங்காலம் நான்தான் போன் செய்கிறேன். பூசையைப் பற்றிக் கேட்பதில்லை. "இந்த வாரம் குடிச்சியா?" என்று நேராகவே கேட்கிறேன். சில வாரம் "ஆமாம் மாமா" என்பான். மனசு வலித்தாலும், போனை வைத்துவிட்டு ஒரு வாய் காப்பி குடிக்க முடிகிறது. அவன் "இல்ல மாமா" என்று சொல்லும் வாரங்களில்தான் எனக்கு இருப்புக் கொள்வதில்லை.