மச்சான் படத்தை மறைத்த வைரஸ்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் திருட்டுத்தனமாக நுழையவில்லை. நான்தான் வாசலில் நின்று, பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். ஒரு தடவை அல்ல... பதினோரு தடவை!

போன ஞாயிற்றுக்கிழமை பழனியில் என் மகளுக்கு மொட்டை, காதுகுத்து. எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் ஃப்ளெக்ஸ் பேனர் உண்டு. பேனரில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முகமும் உண்டு. குழந்தையின் படம் ஓரமாக ஸ்டாம்ப் சைஸில் கிடந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பெரியப்பா தலை சித்தப்பா தலையைவிட அரை இஞ்ச் சிறுத்துவிட்டால்... அவ்வளவுதான்.

நாற்பத்தோரு பேரின் படங்களை வாங்கிச் சேர்ப்பது என் பொறுப்பு. வாட்ஸப்பில் வந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். போனில் இடத்தை அடைக்கிறதே என்று அங்கே அழித்தும் விட்டேன். எவ்வளவு புத்திசாலி!

அதில் முக்கியமான படம் என் மச்சானுடையது. என் மனைவி புவனாவின் அண்ணன். நெய்க்காரப்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். என் மகளுக்குத் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். போன வருடம் எங்கள் கிரகப்பிரவேச பேனரில் அவர் படம் விட்டுப்போனது. விட்டது யார்? வேறு யார்... நான்தான். பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிவிட்டார் மனிதர். தங்கையோடு ஏழு மாதம் பேச்சில்லை. இப்போதுதான் மருமகளுக்காக மனம் இறங்கி, ஸ்டூடியோவுக்குப் போய், புதுச் சட்டையில் ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ஃப்ளெக்ஸ் கடை பாஸ்கரிடம் மாதிரி டிசைன்களைப் பென்டிரைவில் வாங்கி வந்தேன். ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் என்பது ஊரில் உள்ள பென்டிரைவெல்லாம் முங்கிக் குளித்துவிட்டுப் போகிற தொட்டி. அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் செருகினேன்.

உள்ளே இருந்த ஒவ்வொரு ஃபோல்டரின் மூலையிலும் குட்டியாக ஓர் அம்புக்குறி. தட்டினேன், திறக்கவில்லை. திறக்காவிட்டால் என்ன செய்வோம்? இன்னும் ஓங்கித் தட்டுவோம். பதினோரு தடவை தட்டினேன். ஆண்டிவைரஸ் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. 'காலாவதியாகிவிட்டது, புதுப்பியுங்கள்' என்று இரண்டு வருடமாக அது கெஞ்ச, 'பிறகு பார்க்கலாம்' பட்டனை அமுக்கி அமுக்கி என் ஆள்காட்டி விரல்தான் தேய்ந்தது.

பிறகு, 'காதுகுத்து' என்று நான் பெயர் வைத்திருந்த ஃபோல்டரைப் பார்க்கிறேன். அதன் மூலையிலும் அம்பு! உள்ளே வெறும் வெள்ளை. நாற்பத்தோரு சொந்தமும் மாயம்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டேன்.

“ஃபார்மட் அடிச்சிரலாம் சார்.”

“உள்ள இருக்கிற போட்டோ?”

“அது போயிரும் சார்.”

காலில் முள் குத்தியதற்குக் காலையே எடுத்துவிடலாம் என்கிற டாக்டரின் நிதானம் அந்தக் குரலில்.

வைத்த உடனே பாஸ்கர். “அண்ணே, ஆறு மணிக்குள்ள போட்டோவக் கொண்டாந்திருங்க. அப்பறம் மெஷின் வேற ஆர்டருக்குப் போயிரும். அம்புட்டு வேலை கெடக்கு.”

அதை வைத்ததும் மச்சான். “ஏனுங்க மாப்ள, என்ற போட்டோ வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சு மச்சான். கம்ப்யூட்டர்லதான் இருக்கு.”

பொய்யா சொன்னேன்? இருக்கத்தான் செய்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

திரும்பினால் புவனா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“எங்கண்ணன் போட்டோவைத் தொலைச்சுட்டீங்களா?”

“தொலையல. தெரியல.”

“அண்ணன் வரலைன்னா புள்ளையை யாரு மடியில வெச்சுக் காது குத்துவீங்க? உங்க பென்டிரைவ் மடியிலயா?”

இன்னொரு முறை அனுப்பச் சொல்லலாமே என்று மெதுவாக இழுத்தேன். “நீங்களே கேளுங்க,” என்று போனை நீட்டினாள். வாங்கவில்லை. வீரம் எனக்கு இருக்கிறது, ஆனால் ஏழு மாதம் தாங்குகிற அளவுக்கு இல்லை.

ஆக, கையாலேயே வைரஸ் எடுப்பது என்று முடிவானது. புவனா தன் போனில் வழிமுறையைத் தேடி வாசிப்பாள், நான் செய்வேன்.

முதல் படி, ஓடிக்கொண்டிருக்கும் வைரஸை நிறுத்துவது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கம்ப்யூட்டருக்குள் அந்த நேரத்தில் வேலை பார்க்கும் அத்தனை பேரின் பட்டியல் அது. சந்தேகமாக இருந்த ஒருவனைப் பிடித்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தேன். திரையில் இருந்த எல்லாமே மறைந்தது. வைரஸைத் தவிர.

“தள்ளுங்க,” என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டாள். மெஷினை அணைத்துப் போட்டு, கல்யாண மண்டப வாசலில் நிற்கிற அத்தை மாதிரி பட்டியலை விசாரிக்க ஆரம்பித்தாள்.

“இது யாரு?”

“அது பிரிண்டர் வகையறா.”

“இது?”

“விண்டோஸோட சொந்த ஆளு.”

“ஒரே பேருல இருபது பேரு இருக்காங்களே?”

“உங்க ஊர்ல தண்டபாணின்னு எத்தனை பேரு இருக்காங்க?”

ஏற்றுக்கொண்டாள். விரல் கீழே இறங்கி ஓரிடத்தில் நின்றது. “இவன் எந்த வழிச் சொந்தம்?”

பார்த்தேன். எழுத்தும் எண்ணும் கலந்து, வாயில் நுழையாத ஒரு பெயர். எனக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. அழைப்பில்லாமல் பந்தியில் உட்கார்ந்தவன்! நிறுத்தினாள். மெஷின் ஆன் ஆகும்போதெல்லாம் தானாகக் கிளம்புகிறவர்கள் தங்குகிற ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும் அவன் ஒரு துண்டு போட்டு வைத்திருந்தான். அதையும் அழித்தாள்.

அதன் பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இந்த வைரஸ் எதையும் அழிப்பதில்லை. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன் ஆளை வாசலில் நிறுத்துகிறது. ஆபீஸில் இதைச் செய்கிறவர்களுக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது!

மறைந்ததைக் கொண்டுவர ஒரு கட்டளை இருக்கிறது. கறுப்புத் திரையில் டைப் செய்ய வேண்டும். “இதுவாவது நான் செய்யுறேன்,” என்று நாற்காலியைக் கேட்டு வாங்கினேன். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

“அட்ரிப்... இடம் விடுங்க... மைனஸ் ஹெச்...”

அடித்தேன். எண்டர். திறந்து பார்த்தால், மிச்சம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த ஃபோல்டர்களையும் காணோம்.

“மைனஸ்தானே சொன்னேன்?”

மைனஸுக்குப் பக்கத்து வீடு ப்ளஸ். மைனஸ் போட்டால் மறைந்தது வெளியே வரும். ப்ளஸ் போட்டால் வெளியே இருப்பதும் மறைந்துபோகும். வைரஸ் பாதியில் விட்ட வேலையை நான் முடித்துக் கொடுத்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் வைரஸ் இரண்டு வழியாக வரும் என்பது என் அனுபவம். ஒன்று பென்டிரைவ். மற்றது, கம்ப்யூட்டர் தெரியும் என்று மாமியார் வீட்டில் பெயர் வாங்கிய மாப்பிள்ளை.

மறுபடி டைப் செய்தேன். மைனஸில் அவள் விரலே வந்து அமுக்கியது. எண்டர். கறுப்புத் திரை செத்த நேரம் யோசித்தது. டி டிரைவைத் திறந்தால்... அம்பு இல்லாத, அசல் 'காதுகுத்து'! உள்ளே நாற்பத்தோரு பேரும் குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் புதுச் சட்டையில் முறைத்துக்கொண்டிருந்தார். புவனா அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, முந்தானையால் திரையைத் துடைத்தாள். கண்ணையும்தான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

போலி அம்புகளை அழித்து, பென்டிரைவுக்கும் அதே வைத்தியம் செய்து, படங்களை ஏற்றிக்கொண்டு பைக்கை விரட்டினேன். பாஸ்கர் கடையில் கால் வைக்கும்போது மணி ஐந்து ஐம்பது.

“மொதல்ல எங்க மச்சான் போட்டோவ எடுத்துப் போடுப்பா. அதுதான் முக்கியம்.”

“அவரு போட்டோ நேத்தே வந்துருச்சேண்ணே.”

“என்னது?”

“எங்கயோ நம்பரைப் பிடிச்சு எனக்கே வாட்ஸப்புல அனுப்பிட்டாரு. நடுவுல வச்சாச்சு. மத்த நாப்பது பேரக் குடுங்க.”

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினான். பழனி மலைக்கும் என் மகளுக்கும் நடுவில், இரண்டையும்விடப் பெரிதாக, புதுச் சட்டை.

அங்கேயே நின்று போன் போட்டேன். எடுத்தார்.

“ஏன் மச்சான், என் மேல உங்களுக்கு நம்பிக்கையே இல்லையா?”

“இல்லீங்க மாப்ள.”