பேத்தி படுத்த நெஞ்சு

காலையில் பல் தேய்த்துக் கொப்பளித்தபோது தண்ணீரோடு சிவப்பாக ஒரு இழை ஓடியது. ஈறில் குத்தியிருக்கும் என்று நினைத்து மறுபடியும் கொப்பளித்தேன். தண்ணீர் சுத்தமாகத்தான் வந்தது. பிறகு ஒரு இருமல் வந்தது. அதோடு வந்த சளியில் ரத்தம் இருந்தது. குழாயைத் திறந்துவிட்டு அது முழுவதும் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. இருந்தும் பாத்ரூம் கதவைச் சாத்தித் தாழ் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்த முதல் காரியம், சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை பங்க் கடைக்குப் போய் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்ததுதான். அன்று அது எனக்கு வினோதமாகப் படவில்லை. பயம் வந்தாலும், கோபம் வந்தாலும், வயிறு நிறைந்தாலும், வேலை முடிந்தாலும் நான் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

நான் கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் விஜயபுரம் பக்கம். வேலைக்காகச் சித்தூருக்கு வந்து, இங்கேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டோம். கம்பம் ஏறுவதற்கு முன் ஒன்று, இறங்கிய பிறகு ஒன்று என்று இளவயதில் பிடித்த பழக்கம், கம்பம் ஏறுவது நின்ற பிறகும் நிற்கவில்லை. இருமல் எப்போதும் இருந்தது. அது என் குரலைப்போல என்னுடையதாகிவிட்டிருந்தது. தெருவில் நான் வருவதை இருமலை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

என் ஒரே மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மகள் சொல்லிவிட்டாள், குழந்தையைத் தூக்க வேண்டுமென்றால் சிகரெட்டை விட வேண்டும் என்று. விட்டுவிட்டேன் என்றேன். விடவில்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு உள்ளே வருவேன். குழந்தை மத்தியான நேரத்தில் யாரிடமும் தூங்காது. நான் சாய்வு நாற்காலியில் சாய்ந்து அதை நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டால் உடனே தூங்கிவிடும். இருமல் வந்தால் பல்லைக் கடித்து அடக்குவேன். அப்போது நெஞ்சு குலுங்கும். குழந்தையும் கூடவே குலுங்கும். ஆனால் எழாது.

மூன்று மாதம் கழித்து மகள் பெங்களூருக்குத் திரும்பினாள். அவள் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் கூடப் போனாள். நான் சித்தூரில் தனியாக இருந்தேன். ரத்தம் வந்தது அதற்குப் பிறகுதான்.

சித்தூரில் நான் வழக்கமாகப் போகிற டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிவிட்டு வெகுநேரம் பார்த்தார். எத்தனை வருஷமாக சிகரெட் என்று கேட்டார். சொன்னேன். மேலே வலது பக்கம் ஒரு நிழல் இருக்கிறது, திருப்பதியில் நுரையீரல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்று தெலுங்கில் சொன்னார். அவர் குரலில் இருந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. அதுவரை அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

திருப்பதிக்கு ரயிலில் போனேன். பாகாலா ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. மலைக்குப் போகிற கூட்டம் பெட்டி முழுவதும் இருந்தது. எதிர் சீட்டில் ஒரு குடும்பம் புளிசாதம் பிரித்துத் தின்றுகொண்டே எனக்கும் ஒரு கை நீட்டினார்கள். சாமி பார்க்கப் போகிறீர்களா என்று அந்த அம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன். கூட யாரும் வரவில்லையா என்று கேட்டாள். முன்னால் போயிருக்கிறார்கள் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய்.

ஸ்கேன் எடுத்தார்கள், சளி வாங்கிக்கொண்டார்கள். சளியில் எதுவும் தெரியவில்லை என்றார்கள். ஸ்கேனில் மட்டும் அந்த இடத்தில் ஓர் ஓட்டையும் சுற்றிலும் தடிப்பும் இருக்கிறதாம். மூச்சுக்குழாயில் ட்யூப் விட்டுப் பார்த்து, சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் நுரையீரல் டாக்டர். கேன்சரா என்று கேட்க வாயெடுத்தேன். அந்தச் சொல் வெளியே வரவில்லை. அவரே, எதுவாகவும் இருக்கலாம், சோதிக்காமல் சொல்ல முடியாது என்றார். வரும்போது துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த ஆளுக்குத்தான் நான் திண்டாடினேன். மனைவியைக் கூப்பிட்டால் மகள் லீவு போட வேண்டும். அதைவிட, விட்டுவிட்டேன் என்று சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஊரில் இருக்கிற தம்பியிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். கூட வேலை செய்தவர்களில் சிலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் கல்யாண வீடுகளில் பார்க்கிறவர்கள். இத்தனை வருஷம் எத்தனையோ வீட்டுக்கு லைட் எரிய வைத்தவன், துணைக்கு வா என்று கூப்பிட ஓர் ஆளில்லாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் மனைவி வீடியோவில் பேசுவாள். குழந்தையைக் காட்டுவாள். இருமல் வருகிறது என்று தெரிந்தால் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் ஓடுவேன். திரும்பி வந்து சிக்னல் சரியில்லை என்பேன். "இன்னாங்க, எளச்சிப்போன மாதிரி கீறீங்க. ஒழுங்கா துன்றீங்களா இல்லியா" என்று அவள் கேட்டாள். உன் கைச் சமையல் இல்லையே என்று சிரித்தேன்.

கடைசியில் நான் கேட்டது பங்க் கடையில் பார்க்கிற ஆளை. மாங்காய் மண்டியில் தரகு வேலை செய்பவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பல வருஷமாகக் காலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று புகை விடுவோம். நெருப்பு கேட்பார், கொடுப்பேன். மழை, மாங்காய் விலை, பஸ் ஸ்ட்ரைக், இவ்வளவுதான் பேச்சு. அவர் வீடு எந்தத் தெரு என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கையில் இருந்ததைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தார். எப்போது போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பஸ்ஸில் போனோம். சீசன் முடிந்துவிட்டது, மண்டியில் ஈ ஓட்டுகிறேன், எனக்கும் பொழுது போகும் என்றார். ஆஸ்பத்திரியில் பச்சை உடுப்பு போட்டு உட்கார வைத்தபோது நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்து, "மீதோ எவரொச்சாரு?" என்று கேட்டாள். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று.

"நேனே" என்று எழுந்தார் அவர். "மா தம்முடு."

என் தம்பி என்று அவர் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்டை மரக்க அடித்த மருந்து எரிகிறதா என்று நர்ஸ் கேட்டாள். தலையாட்டினேன்.

ட்யூப் விடும்போது மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முடிந்து படுக்கையில் கிடந்தேன். தொண்டை மரத்திருந்ததால் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டு வந்தார். வந்ததும் அவர் மேலிருந்து அந்த வாசனை வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அதே சமயம் ஆசையாகவும் இருந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது. ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உன்னைப் பாத்துக்கினே போய் ஊதிட்டு வரேன் பாரு" என்றார். "என் தலையெழுத்து."

துணுக்கின் ரிசல்ட் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரம் நான் சிகரெட்டைத் தொடவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை, வெறும் பயம். பங்க் கடைப் பக்கமே போகவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேட்டது. சத்தம் மாறியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மருந்துக் கடைக்கு எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்த்தால்கூட, இவனுக்கும் என்னைப் பற்றித் தெரிந்திருக்குமோ என்று தோன்றியது.

பிறகு வீட்டு வேலையை ஆரம்பித்தேன். ஹாலில் தட்டினால்தான் எரிகிற ஸ்விட்சை மாற்றினேன். சமையலறை ஃபேனுக்குக் கண்டென்சர் போட்டேன். மோட்டார் ஸ்டார்ட்டரை மனைவிக்குப் போடத் தெரியாது. எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவாள். அதைக் கழற்றிவிட்டு, ஒரே பட்டனை அழுத்தினால் ஓடுகிற மாதிரி வைத்தேன். வயர் அறுத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது: நான் இல்லாத வீட்டை நானே தயார் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதேன். சாவு பயம் பாதிதான். குழந்தை முகம் பார்த்தும் சிகரெட்டை விடாதவன் என்று நாளைக்கு எல்லோரும் பேசுவார்களே, அதில் ஒரு சொல்லும் பொய்யாக இருக்காதே என்பதுதான் மீதி.

ரிசல்ட் வாங்க நான் தனியாகத்தான் போனேன். டாக்டர் காகிதத்தைப் படித்துவிட்டு, கேன்சர் இல்லை என்றார். டிபி. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும். நுரையீரல் புகையால் கெட்டிருக்கிறது, அது பழையபடி ஆகாது. ஆனால் சிகரெட்டை இத்தோடு விட்டால் மேலும் கெடாது. புகை பிடிக்கிறவர்களுக்கு டிபி சுலபமாக வரும், இருமலைப் புகை இருமல் என்று நினைத்து யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. டிபி என்ற சொல் அவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அப்புறம் அவர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மனைவி, இப்போது ஊரில் இல்லை என்றேன். சின்னக் குழந்தைகள் யாராவது உங்களோடு நெருக்கமாக இருந்தார்களா என்றார்.

பேத்தி மூன்று மாதம் என் நெஞ்சின்மேல்தான் தூங்கியது என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். பயப்பட வேண்டாம், சளியில் கிருமி தெரியாததால் பரவியிருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் குழந்தையை உடனே காட்ட வேண்டும், இன்றைக்கே சொல்லிவிடுங்கள் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோக்கள் நிற்கிற இடத்தில் ஒரு சிமெண்டுக் கட்டை இருந்தது. அதில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தேன். அவள் ஆபீசில் இருந்தாள்.

"பாப்பாவ டாக்டர்கிட்ட காட்டணும்மா."

"ஏன் நைனா, நல்லாத்தான் கீது."

"எனக்கு டிபி கீதாம். இப்பத்தான் சொன்னாங்க."

எதிர்ப்பக்கம் நாற்காலி நகருகிற சத்தம் கேட்டது. பிறகு, எப்போதிருந்து இருமல் அதிகம் என்று கேட்டாள். அவள் பிரசவத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே என்றேன். ரத்தம் வந்ததையும், ட்யூப் விட்டதையும், தொட்டி மறைவையும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"நீ விடலன்னு எனக்குத் தெரியும் நைனா" என்றாள். "சட்டய மாத்திக்கினு வந்தா தெரியாதா? தெரிஞ்சிதான் கொழந்தய உன் மேல போட்டேன். அது தூங்குச்சே, எனக்கும் ரெண்டு மணி நேரம் தூக்கம் கெடச்சிதே, அதுக்காவ."

போனை வைத்துவிட்டாள். நான் தனியாகச் சுமந்துகொண்டிருந்ததில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள் என்று தோன்றவில்லை. என்னுடையது அப்படியே இருந்தது. அவளுக்கும் ஒரு சுமை உண்டாகிவிட்டது.

சாயங்காலம் மனைவி பேசினாள். வீடியோ போடவில்லை. "ஊர் பேர் தெரியாத ஆளக் கூட்டிக்கினு போயி ட்யூபு போட்டுக்கினு வந்திருக்கீங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். அவளையும் சோதித்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றாள்.

அவளுக்கு ஒன்றும் இல்லை. குழந்தைக்கும் நோய் இல்லை; ஆனால் முன்னெச்சரிக்கையாக ஆறு மாதம் மருந்து கொடுக்க வேண்டும் என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலக்கிக் கொடுப்பார்களாம், துப்புமாம். மனைவி சொல்லித்தான் தெரியும். மகள் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் எப்போதாவது, பாப்பா நலம் மாமா என்று ஒரு வரி அனுப்புவார்.

மண்டிக்காரரிடமும் போய்ச் சொன்னேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னேன். "ஏமீ காதுலே", ஒன்றும் ஆகாது என்று கையை ஆட்டினார். ஆனாலும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார், நன்றாகத்தான் இருந்தார். அதற்குப் பிறகு பங்க் கடைக்கு நான் போகவில்லை. போனால் பற்றவைத்துவிடுவேன். எப்போதாவது கடைவீதியில் பார்த்தால் இருவரும் நின்று மழையைப் பற்றிப் பேசுவோம். கையில் ஒன்றும் இல்லாமல் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மாத்திரை ஆறு மாதமும் விடாமல் சாப்பிட்டேன். மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போனது, வாய் கசந்தது, சோறு இறங்கவில்லை. மனைவி நடுவில் இரண்டு முறை வந்து ரசமும் துவையலும் செய்து வைத்துவிட்டுப் போனாள். கடைசிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அதை மகளுக்கு எழுதி அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று போன் காட்டியது.

பொங்கலுக்கு எல்லோரும் வந்தார்கள். குழந்தை அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. மகள் உள்ளே வந்து, பையை வைத்துவிட்டு, "நல்லா கீறியா நைனா" என்றாள். நல்லா கீறேன் என்றேன். அவள் குழந்தையை ஹாலின் நடுவில் இறக்கிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். என்னிடம் கொடுக்கவும் இல்லை, தூக்காதே என்று சொல்லவும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குழந்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. கை நீட்டிக் கூப்பிட்டிருந்தால் வந்திருக்குமோ என்னவோ. நான் கூப்பிடவில்லை. அது சுவரைத் தடவிக்கொண்டே, சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் வந்த பக்கம் நடந்து போயிற்று.