நிலைக்கு வராத நாற்காலி

இது யாரோ சொல்லி யாரோ கேட்ட கதை இல்லை. லோகேஸ்வரி இன்றைக்கும் செரண்டாவில்தான் இருக்கிறாள். இப்போதும் மரத்தில் சிற்பம் செதுக்குகிறாள். நாற்காலி மட்டும் செய்வதில்லை.

தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, நாற்காலி மேசைகளைச் சிற்பம் போலச் செதுக்கக் கிளம்பியவள் அவள். கோலாலம்பூர் கண்காட்சிக்காரர்கள் அவள் செய்ததை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைச் சாமான் மாதிரி இருக்கிறதாம். அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான், மர லோரி ஓட்டும் ரவீந்திரன் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தூங்குமூஞ்சி மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினான். மாதக்கணக்கில் காயவைத்து, குடைந்து, இழைத்து, ஒரே துண்டில் நாற்காலி ஒன்றை வடித்தெடுத்தாள். அவள் செய்ததிலேயே அழகானது அதுதான்.

ஆனால் அது ஆடியது.

ஒரு கால் குட்டை. மற்ற மூன்றையும் சீவினாள். மறுநாள் வேறொரு கால் குட்டை. தரை கோணலோ என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். தரையில் கோளாறில்லை. மறுபடி சீவினாள். மறுபடி ஆடியது. கண்காட்சிக்கு அனுப்ப வேண்டிய நாளோ நெருங்கிவிட்டது. நாற்காலி குள்ளமானதுதான் மிச்சம்.

"உயிர வாங்குது லா இது." உளியை வீசிவிட்டு, தண்ணீர் குடிக்கக் கதவருகே போனாள்.

மத்தியானம் மூன்று மணி. வெளியே மழை.

டக்...

திரும்பினாள். நாற்காலி கதவுப் பக்கம் சாய்ந்து நின்றது. பின்கால் ஒன்று தரையில் படவில்லை. காற்றாக இருக்கும் என்று ஜன்னலைச் சாத்தப் போனாள்.

டக்...

இப்போது ஜன்னல் பக்கம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாற்காலியும் அசையவில்லை.

ஓர் அடி வைத்தாள்.

டக்.

அவள் போகும் பக்கமெல்லாம்... சாய்ந்தது.

யாரோ காது கொடுத்துக் கேட்பது போல...

மழையோடு மழையாக வெளியே ஓடினாள்.

மறுநாள் ரவீந்திரனை வரச் சொல்லி, அந்த மரத்தைப் பற்றிக் கேட்டாள். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான். செல்லன் என்று ஒருவர். கண் தெரியாதவர். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு எதிரே அந்த மரத்தடியில்தான் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாராம். காலடிச் சத்தம் கேட்கும் பக்கமாகச் சாய்ந்து, யாரது என்று கேட்பாராம்.

"இப்ப அவர் எங்க?"

ரவீந்திரன் நாற்காலியின் பக்கம் திரும்பவே இல்லை.

"புயல் காத்துல மரம் அவர் மேலதான் விழுந்துச்சுக்கா. அவர வெளிய எடுக்க மொத மொத அறுத்த துண்டுதான்... ஒங்களுக்குக் கொண்டாந்தது."