எலும்புக்கும் போகும்

பெங்களூருக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. கன்னடம் பேசிக் காய்கறி வாங்குகிறேன், பஸ்ஸில் சண்டை போடுகிறேன். ஆனாலும் நம் சொல்போலவே காதில் விழுந்து வேறு பொருள் சொல்லும் கன்னடச் சொற்கள் இன்னும் என்னை ஏமாற்றுகின்றன. அப்படி ஒரு சொல்லை ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன். ஸ்கேன் அறையிலிருந்து வந்த நர்ஸ், என் கணவரின் புற்றுநோய் "மூளெகெ ஹோகிதெ" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

மூளைக்குப் போய்விட்டது என்று நினைத்தேன். பெஞ்சில் சாய்ந்திருந்த முருகேசனிடம் போய், நம் கல்யாணம் எந்த மண்டபத்தில் நடந்தது, சின்னவள் என்ன படிக்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர் கடைசியில் எரிச்சலாகி, "இன்னா ஆச்சு உனக்கு? வலி எனக்கா, உனக்கா?" என்றார். டாக்டர் கூப்பிட்டுப் படத்தைக் காட்டியபோதுதான் தெரிந்தது, கன்னடத்தில் மூளெ என்றால் எலும்பு. முதுகெலும்பில் மூன்று இடம். மூளைக்குப் போகவில்லையே என்று அரை நிமிடம் சந்தோஷப்பட்டேன். அதற்காக இன்றும் என்மேல் எனக்குக் கோபம்.

அதைவிடப் பெரிய கோபம் வேறொருவர்மேல். வாணியம்பாடியிலிருந்து வந்த நாள்முதல் முருகேசன் சிவாஜிநகர் துணிக்கடை ஒன்றில் மூட்டை தூக்கினார். இரைப்பையில் புற்று என்று பாதியை வெட்டி எடுத்தார்கள். தேறி வேலைக்குப் போன அடுத்த வருடம் முதுகு வலித்தது. நீலசந்திராவில் எங்கள் தெரு கிளினிக்குக்குப் போனோம். மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று டாக்டர் களிம்பும் பெல்ட்டும் எழுதினார். பழைய நோயாக இருக்குமோ என்று கேட்டேன். இரைப்பைப் புற்று பரவினால் கல்லீரலுக்குப் போகும், வயிற்றுக்குள் பரவும், எலும்புக்குப் போவது அபூர்வம் என்றார். நான்கு மாதம் அதே பதில். படுத்தால் வலி கூடுகிறது என்று நாங்கள் சொன்னதை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை. கூலிக்காரன் உடம்பு வலித்தால் காரணம் கூலி வேலைதான் என்று, கேட்பதற்கு முன்பே அவர் முடிவு செய்திருந்தார்.

நாங்களாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்த ஸ்கேன் படத்தை அந்தக் கிளினிக் டாக்டர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். பார்த்துவிட்டு, ரொம்ப அபூர்வமான கேஸ் என்றார்.

"அபூர்வம்னா வராதுன்னு அர்த்தமா சார்? ஒரு படம் எடுத்துப் பாக்கச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

முன்பே கண்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வலியோடு நான்கு மாதம் மூட்டை தூக்கியிருக்க மாட்டார். கதிர்வீச்சு கொடுத்த சில நாளில் வலி குறைந்து, மல்லாந்து படுத்துத் தூங்கினார். அந்தத் தூக்கத்தை முன்பே கொடுத்திருக்கலாம். ஊரில் இருப்பவர்களுக்கும் என்னைப்போல் இங்கே வந்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: புற்று வந்து போன உடம்பில் புது வலி ஒன்று விடாமல் இருந்தால், அபூர்வம் என்ற சொல்லை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

ஐப்பசியில் முருகேசன் போய்விட்டார். இங்கேயே எரித்தோம். மறுநாள் எலும்பு பொறுக்கிய பானையை அவர் தம்பி கையில் எடுத்துக்கொண்டார். அண்ணன் வாணியம்பாடி ஆள், அங்கே பாலாற்றில்தான் கரைக்க வேண்டும் என்றார். அவர் உழைத்ததும் நோவு பட்டதும் இந்த ஊரில், இந்த ஊர் குடிக்கிற காவிரியில் கரைப்போம் என்றேன்.

"இங்க நமக்கு இன்னா இருக்குது அண்ணி?" என்று கேட்டார்.

இன்னொரு பானை வாங்கிவரச் சொல்லித் தரையில் உட்கார்ந்தேன். நோய் தின்ற எலும்பு எது, தின்னாதது எது என்று தெரியவில்லை. ஒரு கை பாலாற்றுக்கு, ஒரு கை காவிரிக்கு என்று மாற்றி மாற்றி அள்ளி வைத்தேன்.